படமும் ஓர் அமானிதம்தான்



புறக்கோட்டைக்கு நீங்கள் எத்தனை முறை போயிருப்பீர்கள்? கொழும்பில் இருப்பவர்களிடம் அதற்குக் கணக்கே இருக்காது. அக்கரைப்பற்றிலோ மன்னாரிலோ அக்குறணையிலோ இருப்பவர்கள்கூட, பெருநாள் உடுப்புக்கும் கல்யாணச் சீலைக்குமாக ஒரு சில தடவையாவது போய் வந்திருப்பீர்கள். அங்கே என்ன பார்த்தீர்கள்? சீலையின் விலையைப் பார்த்திருப்பீர்கள். கைப்பை பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்திருப்பீர்கள். கூட வந்த பிள்ளை சனத்துக்குள் தொலைந்துவிடாமல் பார்த்திருப்பீர்கள். இவற்றுக்கு மேலாக, ஒரு நிமிடம் தலையை நிமிர்த்தி அந்தத் தெருவைப் பார்த்திருக்கிறீர்களா?

பெரும்பாலும் நமக்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை. நமது பெண்களுக்கு நகரம் என்பது வேலை முடித்துத் திரும்பும் ஓர் இடம். சும்மா நின்று பார்ப்பதற்கு அங்கே நமக்கு ஒரு காரணம் இருப்பதில்லை. காரணமில்லாமல் தெருவில் நிற்கும் பெண்ணை உலகமும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறது. கையில் ஒரு கெமராவும் பக்கத்தில் நாலு பேரும் இருந்தால் அந்தக் காரணம் கிடைத்துவிடுகிறது என்பதை என் நாற்பத்தாறாவது வயதில் அறிந்துகொண்டேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

'போட்டோ வோக்' என்று இளம் பிள்ளைகள் சொல்கிறார்கள். நாம் படநடை என்று சொல்லிக்கொள்வோம். பத்துப் பேரோ இருபது பேரோ ஒரு குறித்த இடத்தில் கூடி, இரண்டு மூன்று மணித்தியாலம் ஒரு பகுதியைச் சுற்றி நடந்து, அவரவர் கண்ணில் பட்டதைப் படமெடுப்பார்கள். முடிவில் ஓரிடத்தில் இருந்து ஒருவர் படத்தை மற்றவர் பார்ப்பார்கள். அவ்வளவுதான். போட்டியும் இல்லை, பெரிய செலவும் இல்லை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஸ்கொட் கெல்பி 2008இல் தொடங்கிய உலகளாவிய படநடையின்போது ஒரே நாளில் பல நாட்டு நகரங்களில் இப்படிக் குழுக்குழுவாக நடந்தார்கள். இப்போது பல ஊர்களிலும் சிறு சிறு குழுக்கள் தாமாகவே இதைச் செய்கின்றன.

என்னை இதில் சேர்த்துவிட்டது மகள்தான். தன் சிநேகிதி ஒருத்தியின் குழு சனிக்கிழமை புறக்கோட்டையில் நடக்கப் போகிறது, பெண்களும் வருகிறார்கள் என்று சொன்னாள். மகன் புதிய கெமரா வாங்கியதும் எனக்குத் தந்த பழைய டிஜிட்டல் கெமரா அலுமாரியில் சும்மா கிடந்தது. "போய்ட்டு வாங்களேன்" என்றார் அவர். மாமிதான் தஸ்பீஹை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "போட்டோ புடிக்க ரோட்டு ரோட்டா நடக்கிறதா? ஏன், வீட்டுல ஒருத்தரும் கிடைக்கல்லையா?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு புறக்கோட்டை வரைக்கும் வந்தது.

காலை ஆறரைக்குக் கோட்டை ரயில் நிலையத்தின் முன் கூடினோம். ஏறத்தாழ இருபது பேர். அதில் ஏழு பேர் பெண்கள். சிங்களவர், தமிழர், நம்மவர் எல்லோரும் இருந்தார்கள். பாதிப் பேரிடம் கைத்தொலைபேசி மட்டும்தான். குழுவை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர். எல்லோரும் அவரை சேர் என்றே கூப்பிட்டார்கள். ஏன் இத்தனை காலையில் என்று கேட்டேன். நமது நாட்டில் சூரியன் ஆறு மணியளவில் உதித்துவிடும், ஒன்பது மணிக்கெல்லாம் உச்சியை நோக்கி ஏறிவிடும், அதன் பிறகு வெளிச்சம் தலைக்கு மேலிருந்து விழுவதால் முகங்களில் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் கட்டும் என்றார். காலை வெளிச்சம் பக்கவாட்டில் வருவதால் சுவரின் சுண்ணாம்பு வெடிப்புக்கூட அழகாகத் தெரியுமாம்.

மூன்று விதிகள் சொன்னார். ஒன்று, யாரும் தனியாகப் பின்தங்கக் கூடாது. இரண்டு, துறைமுகம், இராணுவக் காவல் உள்ள இடங்கள் போன்றவற்றின் பக்கம் கெமராவைத் திருப்பக் கூடாது. மூன்று, மனிதர்களை எடுப்பதானால் முதலில் கேட்க வேண்டும். மூன்றாவது விதியைச் சொல்லும்போது இளைஞர் ஒருவர், "கேட்டா போஸ் குடுத்துருவாங்களே சேர், இயல்பா வராதே" என்றார். "வராட்டிப் பரவாயில்லை" என்றார் சேர்.

மெயின் வீதியின் வாசலில் நிற்கும் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தில் தொடங்கினோம். அதை நான் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். கான் என்ற பெயரைப் பார்த்து நம்மவர் யாரோ கட்டியது என்றுதான் நினைத்திருந்தேன். அவர்கள் பம்பாயிலிருந்து வந்த பார்சிக் குடும்பமாம். கொழும்பில் எண்ணெய் ஆலை நடத்தியவர்கள். மௌத்தான தகப்பனின் நினைவாகப் பிள்ளைகள் 1923இல் கட்டி நகரத்துக்குக் கொடுத்தார்களாம். தகப்பனை மறக்காதிருக்கப் பிள்ளைகள் கோபுரமே கட்டியிருக்கிறார்கள். அதன் நிழலில் நின்றுதான் நான் பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணியிருக்கிறேன்.

அங்கிருந்து இரண்டாம் குறுக்குத் தெரு. கடைக் கதவுகள் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. சிவப்பும் வெள்ளையுமாக எழுந்து நிற்கும் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலை, சம்மாங்கோட்டுப் பள்ளி என்று நம் பெரியவர்கள் சொல்லும் அந்தப் பள்ளியை, முதன்முறையாக அவசரமில்லாமல் நின்று பார்த்தேன். 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்த பள்ளி. வரைந்தவர் ஹபீபு லெப்பை சாஹிபு லெப்பை. அவர் கட்டடக் கலை படித்தவர் அல்லராம். தென்னிந்திய வியாபாரிகள் கொண்டுவந்து காட்டிய கட்டடங்களின் படங்களைப் பார்த்தே இதை வரைந்திருக்கிறார். சகோதரிகளே, யாரோ எடுத்துவைத்த சில படங்கள்தான் நூறாண்டு தாண்டியும் நிற்கும் ஒரு பள்ளிக்கு வித்தாகியிருக்கின்றன! படம் என்பது சின்ன விசயம் இல்லை என்று அப்போதே எனக்குப் பட்டது.

அந்தத் தெரு குறுகலானது. பள்ளியோ உயரம். கெமராவை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் பின்பக்கம் சாய்வது போல விழுகிறது. "முழுசையும் எடுக்கப் பாக்காதீங்க. உங்களுக்குப் பிடிச்ச ஒரு துண்டை மட்டும் எடுங்க" என்றார் சேர். ஒரு ஜன்னலையும் அதைச் சுற்றிய செங்கல் கோடுகளையும் மட்டும் எடுத்தேன். அன்று எடுத்த கட்டடப் படங்களில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

உருவப்படம் எடுப்பது கூடுமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். அதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது அவரவர் வீட்டில் பேசி முடிவெடுக்கும் விசயம். ஒன்று சொல்கிறேன், முகமே இல்லாமல் மூன்று மணித்தியாலம் எடுத்தாலும் தீராத அளவுக்கு அங்கே விசயம் இருக்கிறது. காபோஸ் லேனில் சாக்குச் சாக்காக மருந்துச் சரக்குகள், ஐந்தாம் குறுக்குத் தெருவில் மிளகாயும் கொத்தமல்லியும், செட்டியார் தெருவில் நகைக் கடைகள், கெய்சர் வீதியில் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கிய துணிகள். வோல்வெண்டால் மேட்டின் அடிவாரத்தில் பழைய மணித்தூண் நிற்கிறது. அந்த இடத்தின் பெயர் கெய்மன்ஸ் கேட். ஒல்லாந்தர் காலத்தில் கோட்டையிலிருந்து வந்த கழிவைத் தின்ன முதலைகள் கூடுமாம், அதனால் வந்த பெயர் என்பார்கள். பக்கத்தில் 1873இல் கட்டிய பழைய நகர மண்டபம். மரக்கறி வாங்கப் போகும் பாதையில் இவ்வளவு இருந்திருக்கிறது.

அந்த வழியில் நடந்த ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையின் காவலாளி எங்களை நிறுத்தினார். எங்களை என்றால் இருபது பேரையும் அல்ல, அபாயா அணிந்திருந்த என்னை மட்டும். பையைத் திறக்கச் சொன்னார். 2019 ஏப்ரலுக்குப் பிறகு நமக்கு இது புதிதல்ல. நான் பேசாமல் பையின் ஸிப்பை இழுத்தேன். அப்போது பக்கத்தில் நின்ற சிங்களச் சகோதரி ஒருவர், ஒன்றும் சொல்லாமல் தன் பையையும் திறந்து அவர் முன் நீட்டினார். அவரைப் பார்த்து இன்னொருவர். பிறகு சேரும் தன் தோள்பையைத் திறந்தார். காவலாளி நாலைந்து பைகளைப் பார்த்துவிட்டு, போங்கள் என்று கையைக் காட்டினார். கோபப்பட்டு யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தனியாகப் போயிருந்தால் அத்தோடு வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். கூட்டமாக நடப்பதில் உள்ள பலம் இதுதான் சகோதரிகளே.

இனி மூன்றாவது விதிக்கு வருகிறேன்.

நடைபாதையில் தேசிக்காய் விற்றுக்கொண்டிருந்தார் வயதான ஒரு பெண். பச்சையும் மஞ்சளுமாகக் காய்களைச் சின்னச் சின்னக் கூறாகக் கட்டி வைத்திருந்தார். சாய்ந்த வெயில் அவர் கன்னத்தில் விழுந்திருந்தது. எந்தக் கெமராவுக்கும் ஆசை வரும் காட்சி. நான் குனிந்து, எடுக்கலாமா என்று சைகையால் கேட்டேன். "எப்பா நோனா" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சரி என்று தலையசைத்துவிட்டு ஒரு கூறு தேசிக்காய் வாங்கினேன். சற்றுத் தள்ளி நின்ற அந்த இளைஞர், நீண்ட லென்ஸைத் திருகி அவரைத் தூரத்திலிருந்து குறிவைப்பதைக் கண்டேன். "தம்பி, அவங்க வேணாம்னு சொன்னாங்க" என்றேன். "அவங்களுக்குத் தெரியாதே மெடம்" என்றார். "எனக்குத் தெரியுமே" என்றேன். அவர் கெமராவைக் கீழே இறக்கினார்.

நம்மில் யாருக்கு அந்த முந்தானையின் அர்த்தம் விளங்காது? கல்யாண வீட்டில் பெண்கள் பகுதிக்குள் யாராவது போனைத் தூக்கிக்கொண்டு வந்தால் நாமும் இப்படித்தான் முக்காட்டை இழுக்கிறோம். நமது படம் யார் போனிலிருந்து யார் போனுக்குப் போகும் என்ற பயம் நமக்கு இருக்கிறது. அந்தப் பயத்தை அறிந்தவர்கள் கையில் கெமரா வந்தால், கேட்பது ஒரு விதியாக இல்லாமல் ஒரு குணமாகவே வர வேண்டும்.

நமது நாட்டின் பழைய படங்களைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் ஸ்கீன், ஸ்கோவன் போன்ற ஐரோப்பியர் ஸ்டூடியோ வைத்துப் படம் விற்றார்கள். 1890இல் பிளேட் நிறுவனம் வந்தது. தேயிலைத் தோட்டம், தென்னந்தோப்பு என்று விற்றது போலவே மனிதர்களையும் விற்றார்கள். படத்தின் கீழே சிங்களப் பெண், தமிழ்ப் பெண், சோனகர் என்று இனத்தின் பெயர் இருக்கும். அந்த மனிதரின் பெயர் இருக்காது.

புகைப்படக் கலையில் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கெமரன் என்ற ஆங்கிலப் பெண்ணும் இங்கே வாழ்ந்தவர்தான். 1863இல், நாற்பத்தெட்டு வயதில், மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கெமராவில்தான் அவர் தொடங்கினார். இனி என்ன கற்கப் போகிறோம் என்று நினைக்கும் சகோதரிகள் அந்த வயதைக் கவனிக்க வேண்டும்! 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். 1879இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவையில் அடக்கப்பட்டிருக்கிறார். இங்கிலாந்தில் அவர் எடுத்த கவிஞர்களுக்கும் அறிஞர்களுக்கும் பெயர் உண்டு. இங்கே 1878இல் எடுத்த ஒரு படத்தின் தலைப்போ களுத்துறைக் கிராமத்தவர் என்பதோடு முடிந்துவிடுகிறது. அவ்வளவு அன்பாக மனிதரைப் பார்க்கத் தெரிந்தவரின் படத்திலேயே அவர்கள் பெயரில்லாமல் நிற்கிறார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று களுத்துறையில் இருக்கலாம். அது தங்கள் மூத்தம்மா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

எனது மூத்தம்மாவுக்கும் ஒரே ஒரு படம்தான் இருந்தது. 1972இல் நாட்டில் தேசிய அடையாள அட்டை வந்த பிறகு, அதற்காக எடுத்த படம். முத்திரை அளவில், முறைத்த பார்வையோடு. அவர் அப்படி முறைப்பவரே அல்ல என்று உம்மா சொல்வார். சிரித்தால் வாயைக் கையால் பொத்திக்கொள்வாராம். அந்தக் கையை யாரும் எடுத்து வைக்கவில்லை. நம் எத்தனை வீடுகளில் இதே கதை!

நான்காம் குறுக்குத் தெருவுக்கு வந்தபோது லொறிகள் வந்துவிட்டன. வெங்காயமும் சீனியும் இறங்கிக்கொண்டிருந்தன. நாட்டாமைகள் கைவண்டியை இழுத்துக்கொண்டு சத்தமிட்டபடி ஓடினார்கள். ஷட்டர் வேகத்தை வினாடியின் முப்பதில் ஒரு பங்காகக் குறைத்து, வண்டி ஓடும் திசையிலேயே கெமராவையும் திருப்பிக்கொண்டு போனால், வண்டி தெளிவாகவும் பின்னால் உள்ளது கோடு கோடாகவும் விழும் என்று சேர் காட்டிக் கொடுத்தார். பத்துத் தடவையில் ஒன்றுதான் சரியாக வந்தது. அந்த ஒன்றுக்கு எல்லோரும் கை தட்டினார்கள்.

ஓரமாக மூட்டையில் சாய்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். "ஐயா, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேட்டேன். "இந்தக் கோலத்துலயாம்மா?" என்றார். விருப்பமில்லை போலும் என்று திரும்பப் போனேன். "நில்லுங்கம்மா" என்றார். குழாயடியில் முகம் கழுவினார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டு, கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டினார். தலையைத் துண்டால் துடைத்துக் கையாலேயே சீவினார். பிறகு மூட்டைகளுக்கு முன்னால் நிமிர்ந்து நின்றார். இயல்பாக வராது என்று சொன்னாரே அந்த இளைஞர்? அவர் தன்னை எப்படி நினைத்துக்கொள்கிறாரோ அப்படி வந்தது. இதைவிட இயல்பு வேறென்ன?

பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். ஹட்டன் பக்கத்து ஊர். கொழும்புக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறதாம். "எங்கிட்ட ஐடென்டிக் காட்டுப் படத்தைத் தவிர வேற படம் கிடையாதும்மா" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கொண்டு வந்து தாறேன் ஐயா" என்றேன்.

நடை முடிந்து ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்து படங்களைப் பார்த்தோம். ஒரே தெரு, இருபது விதம். பல்கலைக்கழகப் பிள்ளை ஒருத்தி முழுக்க முழுக்கப் பூட்டுகளையே எடுத்திருந்தாள். அந்த இளைஞரிடம் தேசிக்காய்க் கூறுகளின் படமும், அவற்றை அடுக்கும் இரண்டு கைகளும் இருந்தன. கேட்டு எடுத்தேன் மெடம், கையை மட்டும் எடுக்க விட்டாங்க என்றார். அன்றைய படங்களில் சிறந்தது அதுதான் என்று எல்லோரும் சொன்னோம்.

இரண்டு வாரம் கழித்துப் படத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு மீண்டும் நான்காம் குறுக்குத் தெருவுக்குப் போனேன். பெரியவர் கையைத் துண்டில் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். பக்கத்து நாட்டாமைகள் கூடிவிட்டார்கள். "இன்னொண்ணு கிடைக்குமாம்மா? மகளுக்கு ஒண்ணு அனுப்பணும்" என்றார். இரண்டு பிரதி எடுத்திருந்தது நல்லதாய்ப் போயிற்று. கொடுத்தேன். அன்று பெருநாள் போல இருந்தது எனக்கு.

ஒருவர் தன் முகத்தை நம் கெமராவுக்குத் தருகிறார் என்றால், ஓர் அமானிதத்தைத் தருகிறார் என்றே நான் எண்ணுகிறேன். பிறர் பொருளை எப்படிப் பாதுகாப்போமோ, சொன்ன தவணையில் எப்படித் திருப்பிக் கொடுப்போமோ, அப்படித்தான் இதுவும். அவர் வேண்டாம் என்றால் எடுக்கக் கூடாது. எடுத்ததை அவர் அறியாமல் ஊரெல்லாம் பரப்பக் கூடாது. தருவதாகச் சொன்னால் கொடுத்தே தீர வேண்டும்.

உங்கள் ஊரிலும் ஒரு படநடைக்குச் சந்தர்ப்பம் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு சகோதரிகளும் ஒரு மகளுமாக நீங்களே தொடங்குங்கள். காலியிலோ கண்டியிலோ காத்தான்குடியிலோ, ஒரு தெரு போதும். ஸுபஹுக்குப் பிறகு புறப்பட்டால் பகல் சமையலுக்கு முன் வந்துவிடலாம். நல்ல செருப்பு, தண்ணீர்ப் போத்தல், ஒரு குடை, அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். போனின் லென்ஸில் எண்ணெய்க் கை பட்டிருக்கும், புறப்படும்போதே மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். ஸூம் பண்ணாதீர்கள், இரண்டு எட்டு கிட்டப் போங்கள். சிறு பிள்ளையை எடுப்பதானால் அதன் உம்மாவிடம் கேட்டுவிட்டு, அதன் உயரத்துக்குக் குந்தி எடுங்கள். அழகான ஓர் இடத்தைக் கண்டால் ஓடாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள், நடக்க வேண்டியது அங்கே தானாக நடக்கும்.

மாமியின் கேள்விக்கும் பதில் சொன்னேன். "கிடைச்சாங்க மாமி, நீங்கதான்" என்று ஓர் அஸருக்குப் பிறகு ஜன்னல் பக்கம் கதிரையைப் போட்டேன். முதலில் மறுத்தார். நான் வற்புறுத்தவில்லை. நாலு நாள் கழித்து, வெள்ளைத் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு தானாகவே வந்து அந்தக் கதிரையில் இருந்தார். "முறைக்கிற மாதிரி எடுக்க வாணாம்" என்று கட்டளையும் போட்டார். அந்தப் படம் எங்கள் வீட்டுக்குள்தான் இருக்கும், வெளியே போகாது என்பது எங்களிடையே ஒப்பந்தம்.

போனில் ஆயிரம் படம் கிடக்கும். போன் உடைந்தால் அத்தனையும் போய்விடும். முக்கியமான பத்தை மட்டுமாவது கடையில் கொடுத்துக் கடதாசியில் எடுங்கள். பின்பக்கத்தில் பென்சிலால் அவர் யார், எந்த ஊர், என்ன திகதி என்று எழுதி வையுங்கள். நமக்குப் பிறகு பார்க்கப் போகும் பிள்ளைக்கு, இது யார் என்று கேட்க ஆள் இருக்காது.